முற்றத்து ஃபைபர் தகடு உடைந்துவிட்டதா? கண்ணாடியிழைப் பரப்பை வீட்டிலேயே சரிசெய்யும் முறை

போன வருட ஐப்பசியில் அடித்த காற்றில் தென்னை மட்டை ஒன்று எங்கள் வளவின், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியின், மேலே வந்து விழுந்தது. முற்றத்துக்கு மேல் போட்டிருந்த ஃபைபர் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தல். மறுநாள் மழைக்கு ஆத்தா நேர் கீழே பித்தளை அண்டாவை வைத்துவிட்டு, "தகட்டையே மாத்திடலாமேப்பா" என்றார்.

மாற்றியிருக்கலாம். ஆனால் எங்கள் தகட்டின் அலை அளவு இப்போது கடைகளில் கிடைக்கும் தகட்டோடு பொருந்தவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் பக்கத்துத் தகட்டின் மேல் சரியாக உட்காராமல் இடுக்கு விழும்; எல்லாவற்றையும் மாற்றினால் செலவு எங்கேயோ போய் நிற்கும். அதனால் தை பிறந்ததும் அந்த ஒரு தகட்டை மட்டும் கழற்றி இறக்கி, ஒட்டுப்போட்டு, திரும்ப ஏற்றினேன். இந்த வருட மழை முழுக்கப் பெய்து ஓய்ந்துவிட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இன்று கண்ணாடியிழைச் சாமான் ஏதாவது இருக்கிறது. மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்தை மூடிய தகடு, பின்கட்டில் புதிதாகக் கட்டிய குளியலறைக்குக் கதவு, சாய்ப்புக்கு ஒளி வர ஓட்டு நடுவே போட்ட துண்டு என்று ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொன்று. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் சின்ன விரிசலைக் கவனிக்க ஆள் இல்லாமல், விசேஷத்துக்கு வந்து கதவைத் திறக்கும்போது அது பெரிய ஓட்டையாகியிருக்கும். இதைச் சரிசெய்யப் பெரிய கைத்தேர்ச்சி தேவையில்லை. பொறுமையும் சுத்தமும் போதும். ஒட்டு நிற்குமா பெயருமா என்பது, இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் முன்வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில், அது ஃபைபர்தானா?

நாம் எதையும் ஃபைபர் என்று சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு வரும் "ஃபைபர் சேர்" உண்மையில் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் பாலிஎத்திலீன். புதிதாக முற்றம் மூடுகிறவர்கள் போடும் கண்ணாடி போன்ற தகடு பல இடங்களில் பாலிகார்பனேட். இவை எதிலும் பாலியெஸ்டர் ரெசின் வேலை செய்யாது. பாலிஎத்திலீனில் ஒட்டவே ஒட்டாது, காய்ந்ததும் அப்பளம் போல உரிந்து வரும். பாலிகார்பனேட்டையோ அசிட்டோனும் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனும் அரித்து, வெளுக்க வைத்து, விரிசல் விட வைக்கும்.

உடைந்த விளிம்பைப் பாருங்கள். கண்ணாடியிழை என்றால் வெள்ளை நூல்கள் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் மறைவான ஓரத்தில் உப்புத்தாளால் நாலு இழு இழுங்கள். ஃபைபரிலிருந்து மாவு போல வறண்ட தூள் வரும். பிளாஸ்டிக் என்றால் சுருள் சுருளாகவோ பிசிறாகவோ வரும்.

சேதம் எதுவரை?

கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிடச் சேதம் எப்போதும் பெரியது. அடி விழுந்த இடத்தைச் சுற்றி இழையும் ரெசினும் உள்ளுக்குள்ளேயே பிரிந்திருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டிங்" என்று கணீரென்று கேட்கும், பிரிந்த இடத்தில் "டொக்" என்று செத்த ஓசை. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே காதுதான் இதற்கும். ஒளி ஊடுருவும் தகடாக இருந்தால் வெயிலுக்கு நேரே பிடியுங்கள். பிரிந்த பகுதி பால் கலந்தது போல வெளுத்துத் தெரியும். என் தகட்டில் ஓட்டை உள்ளங்கை அளவு என்றால், வெளுப்பு அதைச் சுற்றி இன்னும் இரண்டு விரற்கடை ஓடியிருந்தது. மார்க்கரால் அந்த எல்லையை வரைந்துகொள்ளுங்கள். வெட்ட வேண்டியது அந்தக் கோட்டில்தான், ஓட்டையின் ஓரத்தில் அல்ல.

மழையில் நனைந்த தகடு என்றால் உடைந்த இழைகள் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயட்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் சரியாகப் பிடிக்காது.

எப்போது செய்வது?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், காற்றிலேயே ஈரம். மார்கழியில் காலைப் பனி நின்ற பிறகுதான் தொட வேண்டும். தையிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். கத்திரி வெயிலிலும் செய்யலாம், ஆனால் ரெசின் கையை விட வேகமாக இறுகிவிடும். எந்த மாதமானாலும் காலை எட்டிலிருந்து பத்துக்குள், நிழலில். நேர் வெயிலில் ஒருபோதும் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

கடையில் பொது உபயோகப் பாலியெஸ்டர் ரெசினை "ஜி.பி. ரெசின்" என்று கேளுங்கள். தகட்டின் வழியாக வெளிச்சம் வர வேண்டுமென்றால் கூரைத் தகட்டுக்கென்று இருக்கும் தெளிவான ரெசினைக் கேளுங்கள், சாதாரண ஜி.பி. ரெசின் வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும். அதோடு ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் எனப்படும் எம்.இ.கே.பி., அந்த இறுகலை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் எனப்படும் கோபால்ட், கண்ணாடி இழைகளைப் பரப்பிச் செய்த விரிப்பான 450 கிராம் கண்ணாடியிழை மேட், அசிட்டோன், 80 முதல் 400 வரை உப்புத்தாள் (பளபளப்புப் பரப்பென்றால் 600, 1000-மும்). இப்போது பல ரெசின்கள் கோபால்ட் கலந்தே வருகின்றன. டப்பாவில் அப்படி எழுதியிருந்தால் தனியாக வாங்கக் கூடாது, கலக்கவும் கூடாது.

மேட்டில் 450 என்பது ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடை என்ற கணக்கு. ஒரு அடுக்கு இறுகினால் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும். கூரைத் தகடு சாதாரணமாக 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும், ஆக இரண்டு அடுக்கு போதும். ரெசின் எடை, மேட் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. என் வேலைக்கு 25 செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டும் 18 செ.மீ. சதுரத்தில் ஒரு துண்டும் வெட்டினேன். இரண்டும் சேர்ந்து 43 கிராம் அளவுக்கு வரும். அடிப்பூச்சுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 150 கிராம் ரெசின் சரியாக இருந்தது. அரைக் கிலோ டப்பா வாங்கினாலே மிச்சம் இருக்கும்.

மருந்துக்கடையில் 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு வாங்குங்கள், ஊசி வேண்டாம். ஒன்று கேட்டலிஸ்டுக்கு, ஒன்று கோபால்டுக்கு. இரண்டிலும் பெயர் எழுதி வையுங்கள்.

உயிருக்கும் கண்ணுக்கும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

கேட்டலிஸ்டையும் கோபால்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் சூடாகிப் பொங்கித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். அது முழுவதும் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கடையிலிருந்து கொண்டுவரும்போதும் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். வீட்டிலும் ஒரே அலமாரியில் வேண்டாம். பழைய சிரிஞ்சை மாற்றிப் போடுவதும் இதே ஆபத்துதான்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பக்கம் மூடிய கண்ணாடி போடாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தப்பித் தெறித்தால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யோசிக்க நேரம் எடுக்கக் கூடாது.

ரெசின் வாசனை தலைசுற்ற வைக்கும். காற்றோட்டமான இடத்தில், ரசாயன ஆவிக்கான கார்ட்ரிஜ் முகமூடியோடு செய்யுங்கள். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை. இழைத் தூள் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். சொறியாமல் குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

அப்புறம், தகட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். வெயிலில் பழசான ஃபைபர் தகடு பார்க்கத் திடமாக இருக்கும், காலை வைத்தால் முறுக்கு போல நொறுங்கும். கீழே கல் பாவிய முற்றம். ஏணி வைத்து, கூரை ஏறிப் பழகிய ஆளைக் கொண்டு தகட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த போல்ட்) கழற்றித் தகட்டைக் கீழே இறக்குவதே சரி.

வீட்டைக் காப்பாற்றுங்கள்

இது நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. வேலையை வளவுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, துளை உள்ளது. ரெசின் சொட்டினால் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு சுரண்டினால் பூவேலையும் சேர்ந்து போகும். தேக்குத் தூணில் அசிட்டோன் துணி பட்டால் மெருகு கரைந்துவிடும். பின்கட்டிலோ கிணற்றடியிலோ சாக்கை விரித்து, மேலே கெட்டியான பாலித்தீன் போட்டு, அதன் மேல் செய்யுங்கள்.

கேட்டலிஸ்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானாகவே தீப்பற்ற வாய்ப்புண்டு. ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்து அதில் போடுங்கள். மரமே உடம்பாக இருக்கும் வீட்டில் இந்த ஒரு பழக்கத்தை விடவே கூடாது.

வெட்டுவதும் தேய்ப்பதும்

முதலில் சோப்புத் தண்ணீர். பாசி, எண்ணெய், பறவை எச்சம் எல்லாம் போகக் கழுவிக் காயவிட்டு, அப்புறம் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அழுக்கோடு தேய்த்தால் எண்ணெய்ப்பசை கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

மார்க்கர் கோட்டில் ஹேக்ஸா பிளேடால் வெட்டி எடுங்கள். மூலைகளை வட்டமாக விடுங்கள், கூர் மூலையிலிருந்துதான் புது விரிசல் கிளம்பும். பிறகு 80 எண் உப்புத்தாளால் ஓட்டையைச் சுற்றிச் சாய்வாகத் தேய்த்து இறக்குங்கள். கனம் 1 மி.மீ. என்றால் சாய்வின் அகலம் 12 மி.மீ. என்பது கணக்கு. 2 மி.மீ. தகட்டுக்கு 24 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். அதற்கு வெளியேயும் இரண்டு விரற்கடை மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். ஒட்டு பிடிப்பது ஓட்டையின் விளிம்பில் அல்ல, இந்தச் சுற்றுப் பரப்பில்தான். பளபளப்பு ஒரு புள்ளி மிஞ்சினாலும் அங்கிருந்து உரியத் தொடங்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி தகட்டைத் திருப்பிப் பாருங்கள். முழுக்கச் சுண்ணாம்பு போல மங்கலாகத் தெரிந்தால் தேய்த்தது போதும். தூளைத் தட்டி, மறுபடி அசிட்டோன் துடைத்து, இனி வெறுங்கையால் தொடாதீர்கள்.

யாராவது முன்பே எப்பாக்ஸி என்ற வேறு வகைப் பசையை வைத்து அடைத்திருந்தால் அதை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். இறுகிய எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

அடியில் தாங்கு

ஓட்டைக்கு மேல் ஈர மேட்டை வைத்தால் தொங்கிவிடும். அலைத் தகட்டுக்கு மிகச் சுலபமான வழி, அதே அலையுள்ள நல்ல துண்டு ஒன்றை அச்சாக வைப்பது. அதன் மேல் பாலித்தீன் தாளைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, ஓட்டைக்கு அடியில் வைத்து நாலு மூலையிலும் கிளிப் போட்டுவிடுங்கள். பாலித்தீனில் ரெசின் ஒட்டாது. காய்ந்ததும் அச்சு கழன்றுவரும், அலை அச்சு அசலாக விழுந்திருக்கும். துண்டு கிடைக்காவிட்டால் பக்கத்துத் தகட்டின் நல்ல பகுதியையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். கதவு போன்ற தட்டையான பரப்புக்கு, பாலித்தீன் சுற்றிய அட்டையே போதும்.

கலக்குதல்

மேட்டை முன்பே வெட்டி வைத்திருக்க வேண்டும். கலந்த பிறகு கத்தரிக்கோல் தேட நேரம் இருக்காது. முடிந்தால் கத்தரிப்பதைவிட ஓரத்தைக் கையால் பிய்ப்பது நல்லது. பிசிறான ஓரம் தகட்டோடு கரைந்து போகும், வெட்டிய ஓரம் மேடாக நிற்கும்.

150 கிராம் ரெசினுக்கு, கோபால்ட் தனியாக என்றால் 1 சதவீதம், அதாவது 1.5 மி.லி. நன்றாகக் கலக்கியதும் ரெசின் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறும். கோபால்டின் வீரியம் டப்பாவுக்கு டப்பா வேறுபடும் என்பதால், அதில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. பிறகு கேட்டலிஸ்ட் 1.5 சதவீதம், இந்த அளவுக்கு 2 மி.லி. கத்திரியில் 1 சதவீதமாகக் குறைக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. குறைந்தால் மெதுவாக இறுகும் என்று நினைப்போம். உண்மையில் உள்ளே வேகாமலே நின்றுவிடும், பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. ஓரங்களையும் அடியையும் வழித்து ஒரு நிமிடம் முழுசாகக் கலக்குங்கள். 15 முதல் 20 நிமிடம் கையில் இருக்கும்.

முதல் தடவை நான் 400 கிராம் ரெசினை ஒரே மக்கில் கலந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மக்கு கையில் பிடிக்க முடியாமல் சுட்டது, நடுவில் புகை கிளம்பியது. ஒரே பாத்திரத்தில் குவிந்திருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாக வெந்துகொள்ளும். சிறிது சிறிதாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை இல்லை. சூடேறிவிட்டால் வெட்ட வெளியில் மண் மேல் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மேட் படிய வைத்தல்

தேய்த்த பரப்பு முழுக்க மெல்லிசாக ரெசின் பூசுங்கள். பெரிய துண்டை முதலில் வைத்து, பிரஷ்ஷை இழுக்காமல் ஒற்றி ஒற்றி ரெசினை இறக்குங்கள். இழுத்தால் இழை நகர்ந்துவிடும். இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்: வெள்ளை வெளேரென்று விறைப்பாக இருக்கும் மேட், ரெசின் ஏற ஏறத் துவண்டு, இழைகள் ஒவ்வொன்றாக மறைந்து, எண்ணெய் பட்ட காகிதம் போல ஊடு தெரியத் தொடங்கும். எங்கெல்லாம் வெள்ளை மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் காற்று இருக்கிறது என்று அர்த்தம். ஒற்றிக்கொண்டே அந்தக் காற்றை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பள்ள அலைகளில் ரெசின் குளமாகத் தேங்காமல் வழித்து விடுங்கள். தேங்கிய ரெசினில் இழை இருக்காது, அது சுலபமாக வெடித்துவிடும்.

உடனே இரண்டாவது துண்டு, அதே முறையில். மேலே சுருக்கமில்லாத பாலித்தீன் தாளைப் போர்த்தி, நடுவிலிருந்து வெளியே விரலால் நீவி விடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படும் பரப்பில் முழுசாக இறுகாது, பிசுக்காகவே இருக்கும். தாள் மூடினால் காற்றும் படாது, பரப்பும் வழவழப்பாக வரும்.

தட்டில் மிச்சமிருக்கும் ரெசினைக் குச்சியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். தேன் போல ஓடியது திடீரென்று கடல்பாசி போலத் துண்டு துண்டாக உடையும். அந்தப் பதத்தில் ஓரத்தில் நீட்டும் இழைகளைப் பிளேடால் வெட்டினால் தோல் போல வெட்டுப்படும். அரைமணி தாண்டினால் அதற்கே ரம்பம் வேண்டியிருக்கும்.

அதன் பிறகு 24 மணி நேரம் யாரும் தொட வேண்டாம்.

மேல்பூச்சு

தாளை உரித்துவிட்டு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒட்டும் தகடும் ஒரே ஓசை கொடுத்தால் சரி. எங்காவது "டொக்" என்றால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து மறுபடி ஒரு துண்டு வைத்துவிடுங்கள். கூரைக்கு அழகு பெரிதில்லை. 120, பிறகு 220 உப்புத்தாளில் ஓரத்தைச் சமப்படுத்தி, வெளியில் தெரியும் இழை எதையும் விடாமல் ஒரு கை தெளிவான ரெசின் பூசித் தாளால் மூடிவிட்டால் போதும். பழைய தகடுகளில் வெயில் பட்டு ரெசின் தேய்ந்து, பரப்பெங்கும் இழை முள் முள்ளாக எழுந்திருக்கும். கழுவித் தேய்த்து அதற்கும் இதே பூச்சைக் கொடுக்கலாம், இன்னும் சில வருடம் ஓடும்.

குளியலறைக் கதவு, தொட்டி மாதிரிப் பளபளப்புப் பரப்பில் தெரியும் சிலந்திவலை விரிசல் பெரும்பாலும் ஜெல்கோட் என்ற மேல்தோலில் மட்டும் இருப்பது. அடியில் தாங்கு இல்லாமல் பரப்பு அழுந்துவதால் அது வரும். தாங்கு கொடுக்காமல் பூசினால் திரும்ப அதே இடத்தில் விரிசல் விடும். ஒவ்வொரு விரிசலையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஆங்கில வி வடிவத்தில் கீறித் திறந்து, அசிட்டோன் துடைத்து, நிறம் சேர்த்த ஜெல்கோட்டைக் கேட்டலிஸ்டோடு கலந்து, பரப்புக்குச் சற்று மேடாக நிரப்பித் தாள் மூடுங்கள். மறுநாள் 400, 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் போட்டால் மெருகு வந்துவிடும். நிறம் அச்சாகப் பொருந்த வேண்டுமென்று ஏங்க வேண்டாம், பழைய பரப்பு வெயிலில் கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கும்.

குடிதண்ணீர் வைக்கும் ஃபைபர் தொட்டியின் உள்பக்கத்தை மட்டும் ஜி.பி. ரெசின் கொண்டு வீட்டில் ஒட்டாதீர்கள். அதிலிருந்து ஸ்டைரீன் தண்ணீரில் இறங்கும். அதற்கென்று தரச்சான்று பெற்ற ரெசினும், அதைப் பதமாக வேக வைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வெளிப்பக்கத்து உடைசலையோ கால் பிடிப்பையோ மேலே சொன்ன முறையிலேயே செய்யலாம்.

திரும்ப ஏற்றுதல்

போல்ட் துளை எப்போதும் அலையின் முகட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தான். பழைய துளை வாய் பிளந்திருந்தால் அதற்கும் ஒரு சின்ன மேட் துண்டு வைத்து மூடிப் புதிதாகத் துளையிடுங்கள். துளை, போல்ட்டைவிட ஓரிரண்டு மி.மீ. பெரிதாக இருந்தால் வெயிலில் தகடு விரியும்போது பிளக்காது. ரப்பர் வாஷரைப் புதிதாகப் போட்டு, அது லேசாக அழுந்தும்வரை மட்டும் முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் முகடு நசுங்கி, நட்சத்திரம் போல விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பிறகு மேலிருந்து ஒரு குழாயில் பத்து நிமிடம் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, கீழே முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஒட்டிய இடம் மட்டும் சுற்றியுள்ள தகட்டைவிடச் சற்றுத் தெளிவாக இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு அதன் வழியாக ஒரு சதுர வெயில் முற்றத்துக் கல்லில் விழும். ஆத்தா இப்போது அங்கேதான் வற்றல் காயவைக்கிறார்.